நடுவருக்குக் கைதட்டிய ஞாயிற்றுக்கிழமை

கூடைப்பந்து நடுவர் வேலையிலிருந்து நான் ஓய்வுபெற்ற அன்று, தாம்பரத்துக் கோர்ட்டில் ஆட்டக்காரர்கள் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அத்தனை வருஷத்தில் என்னைப் பார்த்து அவர்கள் கைதட்டியது அதுதான் முதல் தடவை. பிரிவின் துயரம் என்று நினைத்து நான் கண் கலங்கினேன். வீட்டுக்கு வரும் வழியில் என் மனைவி விளக்கினாள்: "துயரம் இல்லீங்க, அது நிம்மதி."

புதிதாகத் தேர்வெழுதி விசில் வாங்கியிருக்கும் தம்பிகளே, தங்கைகளே, உங்கள் சங்க மலருக்குப் பணி அனுபவம் ஏதாவது எழுதித் தரும்படி என்னைக் கேட்டிருக்கிறீர்கள். இது உங்களுடைய முதல் தவறான தீர்ப்பு. ஆனாலும் பரவாயில்லை. எங்கே நிற்க வேண்டும், கையை எப்படித் தூக்க வேண்டும் என்பதெல்லாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். நான் அவற்றுக்குள் போகவில்லை. என் பணிக்காலத்திலேயே மிக நெருக்கடியான ஆட்டத்தைப் பற்றிச் சொல்கிறேன். அதில் ஒரு சின்னச் சிக்கல் உண்டு. அது நான் ஓய்வுபெற்ற பிறகு நடந்தது. கோர்ட்டிலும் நான் இல்லை. ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் அடுக்ககத்தின் கீழ்த்தள ஹாலில், பிளாஸ்டிக் நாற்காலியில், கையில் சமோசாவோடு உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் சி பிளாக்கில் எஸ்தர் டீச்சர் என்று ஒருவர் இருக்கிறார். மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் பாடம் எடுக்கிறவர். அவருடைய மகள் ஏஞ்சலின், கூடைப்பந்து நடுவர். எனக்கும் அவளுக்கும் ஒரே தொழில், ஒரே லிஃப்ட். லிஃப்டுக்குள் நாங்கள் இருவரும் விதி பேச ஆரம்பித்தால் மற்றவர்கள் மூன்று மாடியானாலும் படியேறிப் போய்விடுவார்கள். அந்தப் பெண்ணுக்கு முதன்முதலாக ஒரு சர்வதேச ஆட்டத்தில் விசில் ஊத அழைப்பு வந்தது. எங்கோ கடல் தாண்டிய ஊர். நம் நேரத்துக்கு ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணி. கோவிலுக்குப் போகிறவர்கள் போய்விட்டு, சர்ச்சுக்குப் போகிறவர்கள் போய்விட்டு, எல்லோரும் சாப்பிட்டுவிட்டு வரத் தோதான நேரம். ஹாலில் பெரிய திரை கட்டியாகிவிட்டது.

சர்வதேச ஆட்டத்தில், மோதுகிற இரண்டு நாடுகளையும் சேராதவர்கள்தான் நடுவராக இருக்க முடியும். இது உங்களுக்குத் தெரியும். எங்கள் ஹாலுக்குத் தெரியாது. நம் நாட்டு ஆட்டம் என்று நினைத்துக் கன்னத்தில் மூவர்ணம் தீட்டிக்கொண்டு நாலு பேர் வந்துவிட்டார்கள். திரையில் ஒரு அணி சிவப்புச் சட்டை, ஒரு அணி நீலச் சட்டை. அந்த இரண்டு நாடுகளும் உலக வரைபடத்தில் எந்த மூலையில் இருக்கின்றன என்று ஹாலில் பாதிப் பேருக்குத் தெரியாது. அதனால் யார் பக்கம் கத்துவது என்ற குழப்பம் ஒரு நிமிஷம் இருந்தது. அப்புறம் தெளிந்துவிட்டது. சாம்பல் சட்டை போட்டு நடுவில் ஓடுகிற குட்டைப் பெண்ணின் பக்கம். அவள் விசில் ஊதியபோதெல்லாம் கைதட்டல். சக நடுவர் ஊதினால் மௌனம். நடுவருக்காக ரசிகர் மன்றம் வைத்த ஊர் உலகத்திலேயே எங்கள் ராஜகீழ்ப்பாக்கமாகத்தான் இருக்கும்.

எங்கள் அடுக்ககச் சங்கச் செயலாளர் பலராமன் சார் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவருக்குத் தெரிந்த ஒரே விளையாட்டு கிரிக்கெட். மற்ற எல்லாவற்றையும் அதில் மொழிபெயர்த்துத்தான் பார்ப்பார். ஆட்டத்தின் முதல் கால் பகுதி முடிந்ததும் கவலையாக என் பக்கம் திரும்பினார்.

"என்ன சார், நம்ம பொண்ணு இன்னும் ஒரு பாயின்ட் கூட எடுக்கலயே?"

"சார், அவ அம்பயர்."

"தெரியும் சார். இருந்தாலும் அம்பயருக்குன்னு ஒரு ஸ்கோர் இருக்கும்ல? இதுவரைக்கும் அவ நாலு விக்கெட், அந்த நெட்டை அம்பயர் ரெண்டுதான்."

ஆட்டம் தொடங்குவதற்கு முன்னாலேயே எஸ்தர் டீச்சர் என் பக்கத்து நாற்காலியைப் பிடித்துவிட்டார். கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு, பிரசவ வார்டு வாசலில் உட்கார்ந்திருப்பவரைப் போல இருந்தார்.

"சார், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அவ வேலை பாக்கற ஸ்கூல்ல கரஸ்பாண்டன்ட் கறாரா சொல்லிட்டார். இனிமே மேட்ச்சு, கேம்புன்னு லீவு கிடையாதாம். வர்ற வருஷம் முழுநேர பி.டி. டீச்சரா இருக்கறதா இருந்தா இன்னிக்கு ஆறு மணிக்குள்ள சொல்லணுமாம். இல்லன்னா வேற ஆள் பாத்துடுவாராம்."

"ஏஞ்சலின் என்ன சொல்றா?"

"அவ எங்க சொன்னா? என் தலையில கட்டிட்டு பிளேன் ஏறிட்டா. 'மேட்ச்சைப் பாரும்மா. நான் ஒழுங்கா பண்ணினா வேலை வேணாம்னு சொல்லிடு. சொதப்பினா வர்றேன்னு சொல்லிடு. முடிஞ்சு நான் போனுக்கு வர்றதுக்குள்ள ஆறு மணி தாண்டிடும்'ங்கறா. எனக்கு இதுல என்ன சார் தெரியும்? தவளைய அறுக்கச் சொன்னா அறுப்பேன். நீங்க பக்கத்துல இருக்கீங்கங்கற தைரியம்தான்."

அந்தத் தைரியம் எவ்வளவு ஆபத்தானது என்று அவருக்கு அப்போது தெரியாது. எனக்கும்தான்.

ஏஞ்சலின் சொன்னதில் விளையாட்டுத்தனம் எதுவும் இல்லை. முதல் சர்வதேச ஆட்டம் என்பது பரீட்சை. மேலே எங்கோ ஒருவர் உட்கார்ந்து, ஊதியதையும் ஊதாததையும் எடை போட்டுக்கொண்டிருப்பார். நன்றாகச் செய்தால் அடுத்தடுத்து அழைப்பு வரும். கடைசி நேரத்தில் பெரிய தப்பு ஒன்று போதும், அழைப்பு நின்றுவிடும். நின்றுவிட்டால் இருக்கிற வேலையையும் விட்டுவிட்டு அவள் என்ன செய்வாள்? அம்மாவின் கணக்கு அதுதான். சரியான கணக்குதான்.

இரண்டாவது கால் பகுதியில் ஹாலில் ஒரு விவாதம் கிளம்பியது. இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள், ஏனென்றால் நான் அப்போது கவனமாக இல்லை.

பலராமன் சார் கேட்டார்: "ஏன் சார், பந்தை வெளியிலேர்ந்து உள்ள போடறானே, ஒருத்தன் கோட்டுக்குப் பின்னால இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடறான். இன்னொருத்தன் ஆணி அடிச்ச மாதிரி நிக்கறான். ஆளுக்கு ஒரு சட்டமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் பி பிளாக் கார்த்திக் முந்திக்கொண்டான். பொத்தேரியில் கல்லூரி படிக்கிறான். கல்லூரி அணியில் ஆடுகிறவன். அன்றைக்குத் திரைக்கு லேப்டாப்பை இணைத்திருந்ததும் அவன்தான்.

"சிம்பிள் அங்கிள். ரெஃப்ரி பந்தைக் கையில குடுத்தா அசையக் கூடாது. பிளேயரே எடுத்துக்கிட்டா ஓடலாம். எங்க காலேஜ்ல அப்படித்தான்."

"ஓ! ஒண்ணு கவர்மென்ட் பஸ், ஸ்டாப்பிங்லதான் ஏறணும். இன்னொண்ணு ஷேர் ஆட்டோ, கைய நீட்டின இடத்துல ஏறிக்கலாம்."

ஹாலே சிரித்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். உண்மையான விதி என்ன? பந்து எதனால் நின்றது என்பதுதான் கேள்வி. எதிரணி கூடை போட்டுவிட்டது என்றால், பந்தை உள்ளே போடுகிறவர் தன் பக்கத்துக் கடைசிக் கோட்டுக்குப் பின்னால் எங்கே வேண்டுமானாலும் ஓடலாம். ஃபவுலோ, பந்து வெளியே போனதோ, வேறு தப்போ என்றால், நடுவர் காட்டிய இடத்தில் நிற்க வேண்டும். பக்கவாட்டில் ஒரு மீட்டருக்கு மேல் நகரக் கூடாது. கையில் கொடுப்பதா, அவரே எடுத்துக்கொள்வதா என்பதெல்லாம் பெரும்பாலும் இதோடு ஒத்துப்போகும். அவ்வளவுதான். ஒத்துப்போவது வேறு, விதி வேறு.

இதையெல்லாம் நான் சொன்னேனா? சொல்லவில்லை. யாரோ முதுகுக்கு வைத்திருந்த குஷனைப் பந்தாக வைத்துக்கொண்டு எழுந்து நின்றேன். ஓடுவது எப்படி, நிற்பது எப்படி என்று நடித்துக் காட்டினேன். நிற்பது எனக்கு நன்றாக வந்தது. கைதட்டினார்கள். அந்த மயக்கத்தில், "கார்த்திக் சொன்னது கிட்டத்தட்ட சரி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். நடுவர்களே, 'கிட்டத்தட்ட' என்ற சொல்லை வீட்டில் உபயோகியுங்கள். உப்பு சரியா என்று கேட்டால் சொல்லலாம். விதியைப் பற்றிச் சொல்லாதீர்கள்.

மூன்றாவது கால் பகுதியில் என் வலது கை தன் வேலையைக் காட்ட ஆரம்பித்தது. உங்களுக்கும் இது சீக்கிரம் வரும். பந்தை உள்ளே போட ஐந்து விநாடி. அதைக் கையை வீசி வீசி எண்ணுவோம் இல்லையா? இப்போது யாராவது எங்கேயாவது பந்தை உள்ளே போட்டாலே என் கை தானாக எண்ணுகிறது. டி.வி.யில் விசில் கேட்டால் தானாக மேலே போகிறது. அன்றைக்கு இரண்டு தடவை பலராமன் சாரின் டீயைத் தட்டிவிட்டது. மூன்றாவது தடவை அவர் நாற்காலியையே ஒரு அடி நகர்த்திப் போட்டுக்கொண்டார். அந்தக் கைதான் பின்னால் என்னை மாட்டிவிட்டது.

ஆட்டம் கடைசி நிமிஷத்துக்கு வந்தது. சிவப்புக்கு மூன்று புள்ளி முன்னிலை. நீலம் ஒரு கூடை போட்டது. இப்போது சிவப்புக்கு ஒரே ஒரு புள்ளிதான் முன்னிலை. சில விநாடிகள்தான் பாக்கி. சிவப்பின் பயிற்சியாளர் டைம்-அவுட் கேட்டார். ஹாலில் எல்லோரும் மூச்சை விட்டார்கள். அந்த நேரம் பார்த்து வாசலில் சூடாக இரண்டாவது ஈடு சமோசா வந்தது.

டைம்-அவுட் என்பது ஆட்டக்காரர்களுக்கு ஓய்வு, ரசிகர்களுக்குத் தீனி, நடுவருக்கு மட்டும் வேலை. ஆட்டம் எப்படி நின்றது, யார் பந்து, எங்கிருந்து என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே நிற்க வேண்டிய நேரம் அது. கடல் தாண்டி நின்ற ஏஞ்சலின் அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். நான் புதினாச் சட்னியைத் தேடிக்கொண்டிருந்தேன். போதாக்குறைக்கு இணைப்பும் ஒரு தடவை சுழன்று நின்று மறுபடி வந்தது.

நான் திரும்பிப் பார்த்தபோது ஏஞ்சலின் கடைசிக் கோட்டுக்குப் பின்னால் நின்று, சிவப்பு ஆட்டக்காரரின் கையில் பந்தைக் கொடுத்தாள். கையில். நீல அணியின் நெட்டையன் ஒருவன் அவருக்கு முன்னால் மரம்போல் நின்று மறைத்தான். சிவப்புக்காரர் பந்தோடு ஓடினார். நாலைந்து எட்டு, கோட்டுக்குப் பின்னாலேயே. மரத்தைத் தாண்டி இடைவெளி கிடைத்ததும் உள்ளே போட்டார். வாங்கியவன் தட்டிக்கொண்டே பறந்தான். நீலம் துரத்திப் பார்த்தது, பிடிக்க முடியவில்லை. மணி அடித்துவிட்டது. சிவப்பு ஜெயித்தது.

ஏஞ்சலின் விசில் ஊதவில்லை.

என் வலது கை மேலே போய்விட்டது. ஐந்து விரலும் விரிந்து, சமோசாவின் பாதி கீழே விழுந்து, 'விதி மீறல், கடிகாரத்தை நிறுத்து' என்ற அந்தப் பழைய சைகை. நான் யோசிக்கக்கூட இல்லை. கைக்கு மூளை எதற்கு?

"அங்கிள் கையத் தூக்கிட்டாரு!" கார்த்திக் துள்ளி எழுந்தான். "நான் சொன்னேன்ல, ரெஃப்ரி கையில குடுத்தா ஓடக் கூடாது! மச்சான், கிளியர் வயலேஷன்டா!"

திரையிலும் வர்ணனையாளர் அதையேதான் சொன்னார். அங்கே தப்பு நடந்திருக்கிறது, நடுவர் கவனிக்கவில்லை என்று. நீல அணியின் பயிற்சியாளர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஏஞ்சலினை நோக்கி ஓடி வந்தார். அவர் பின்னால் பாதி அணி.

ஹாலில் கைதட்டல் நின்றுவிட்டது. எஸ்தர் டீச்சர் திரையைப் பார்க்கவில்லை. என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், தப்பா?"

"டீச்சர்..."

"மறைக்காம சொல்லுங்க சார். தப்புன்னா தப்புன்னு சொல்லுங்க."

"விசில் அடிச்சிருக்கணும் டீச்சர்."

அவர் பையைத் திறந்து போனை எடுத்தார். "சரி, அப்ப நான் பேசிடறேன்" என்று மெல்லச் சொல்லிவிட்டு, நாற்காலிகளுக்கு நடுவே வழி கேட்டுக்கொண்டு வாசல் பக்கம் போனார். பலராமன் சார்கூட கிரிக்கெட்டில் எதுவும் சொல்லவில்லை. அதிலிருந்தே நிலைமை எவ்வளவு மோசம் என்று புரிந்துகொள்ளுங்கள்.

நான் திரையைப் பார்த்தேன். வேறு எங்கே பார்ப்பது?

தப்பு செய்த நடுவரை எனக்கு நன்றாகத் தெரியும். கண்ணாடியில் நிறையப் பார்த்திருக்கிறேன். முதலில் எச்சில் விழுங்குவார். அடுத்து, ஊதாமல் விட்ட விசிலைத் தொட்டுப் பார்ப்பார், அது இருக்கிறதா என்பதுபோல. மூன்றாவதாக, சக நடுவர் காப்பாற்ற வருகிறாரா என்று சுற்றும் முற்றும் பார்ப்பார். ஏஞ்சலின் இந்த மூன்றில் ஒன்றையும் செய்யவில்லை. தன்னைவிட இரண்டு அடி உயரமான அந்தப் பயிற்சியாளர் கத்தி முடிக்கும்வரை நின்றாள். அப்புறம் கூடையைக் கைகாட்டினாள். பந்து உள்ளே விழுவதுபோல மணிக்கட்டை ஒரு தடவை மடக்கினாள். பிறகு கடைசிக் கோட்டின் நீளத்துக்கு, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, கையை இழுத்துக் காட்டினாள். அவ்வளவுதான். பேச்சே இல்லை.

கூடை விழுந்தது. அதனால் ஓடலாம்.

ஐயோ!

நீலம் கூடை போட்டுத்தானே ஆட்டம் நின்றது! நடுவில் டைம்-அவுட் வந்தால் என்ன, பந்தை நடுவர் கையில் எடுத்துக் கொடுத்தால் என்ன? ஆட்டம் நின்ற காரணம் மாறிவிடுமா? கூடை விழுந்த பிறகு ஓடுகிற உரிமை டைம்-அவுட் தாண்டியும் அப்படியே இருக்கும். விதிப் புத்தகத்தில் தெளிவாகவே எழுதியிருக்கிறது. தேர்வில் இந்தக் கேள்வியை எத்தனை பேருக்கு நானே கேட்டு, சந்தோஷமாக மதிப்பெண் குறைத்திருக்கிறேன்! ஒன்றும் தெரியாத ஹால் அவளை நம்பியது. பாதி தெரிந்த கார்த்திக் சந்தேகப்பட்டான். முழுக்கத் தெரிந்த நான் கையைத் தூக்கினேன்.

வாசலில் எஸ்தர் டீச்சரின் காதில் போன் இருந்தது.

"டீச்சர்! பேசாதீங்க!"

எழுந்து ஓடினேன். இரண்டு முட்டியும் போன மனிதன் ஓடுவதை ஓட்டம் என்று சொல்லலாமா தெரியாது, ஆனால் நாற்காலிகள் விலகின. கோர்ட்டில் நான் ஓடியதைவிட அன்று வேகமாக ஓடினேன் என்று பலராமன் சார் பின்னால் சாட்சி சொன்னார். ஓடிக்கொண்டே இரண்டு கையாலும் டைம்-அவுட் சைகை காட்டினேன். ஒரு உள்ளங்கை மேலே, அதன் கீழே இன்னொரு கையின் விரல். உயிரியல் ஆசிரியைக்கு அது என்னவாகத் தெரிந்ததோ, "குடை எதுக்கு சார்?" என்றார்.

"கட் பண்ணுங்க டீச்சர்!"

"ரிங் போயிட்டு இருக்கு சார்... ஹலோ, சார் வணக்கம், ஏஞ்சலின் அம்மா பேசறேன்..."

நான் கைகூப்பினேன். அந்தச் சைகை எந்த விதிப் புத்தகத்திலும் இல்லை, ஆனால் புரிந்துவிட்டது.

"...ஒரு அஞ்சு நிமிஷத்துல நானே கூப்பிடறேன் சார்." போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "என்ன சார் ஆச்சு?"

"டீச்சர், தப்பு பண்ணினது அவ இல்ல. நான்தான்."

இதை நான் ஹாலில் அத்தனை பேர் முன்னால் சத்தமாகச் சொன்னேன். பெருந்தன்மை என்று நினைத்துவிடாதீர்கள், ஓடி வந்ததில் குரல் அப்படித்தான் வந்தது. ஆனால் ஒன்று சொல்கிறேன். தீர்ப்பை மாற்றிக்கொள்வது அவமானம் என்று உங்கள் காலத்திலும் யாராவது சொல்வார்கள். அடுத்த காரியம் நடப்பதற்குள் மாற்றினால் அது திருத்தம். நடந்த பிறகு மாற்றினால் வெறும் வருத்தம். வருத்தத்தை வைத்துக்கொண்டு யாரும் எதுவும் செய்ய முடியாது. மானத்தைப் பற்றி யோசிக்கிற அந்த இடைவெளியில்தான் போன் எடுக்கப்பட்டுவிடும்.

பலராமன் சாருக்கு உயிர் வந்துவிட்டது. "டிஆர்எஸ்! டிஆர்எஸ்! கார்த்திக், ரீப்ளே போடுப்பா! அம்பயர் மேல இல்ல, நம்ம சார் மேல ரிவ்யூ!"

"ஆனா அங்கிள், பந்தைக் கையில குடுத்தாங்களே?" கார்த்திக் விடவில்லை.

"குடுத்தா என்னப்பா? அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு பாரு. பின்னால தள்ளு. இன்னும் பின்னால."

கார்த்திக் தள்ளினான். நீலத்தின் கூடை விழுந்தது. டைம்-அவுட். நான் சட்னி தேடிய இடம் வந்தது. அங்கே சிவப்பின் பயிற்சியாளர் ஏஞ்சலினிடம் ஏதோ சொல்கிறார். அவர் விரும்பினால் பந்தை முன்பக்கம், எதிரணியின் பாதிக்கு, கொண்டுபோய் அங்கிருந்து போடவைக்கலாம், அந்தச் சலுகை அவருக்கு உண்டு. அவர் வேண்டாம் என்று பின்பக்கத்தையே கேட்டார். ஏன்? ஓடலாம் என்பது அவருக்குத் தெரியும். ஏஞ்சலின் தலையசைத்துவிட்டுக் கோட்டுக்குப் பின்னால் போனாள். பந்தைக் கொடுப்பதற்கு முன்னால், சிவப்புக்காரரிடமும் மறைத்து நின்ற நீல மரத்திடமும், அதே மாதிரி கையைக் கோடு நெடுக இழுத்துக் காட்டினாள். இரண்டு பேருக்கும் சொல்லிவிட்டுத்தான் கொடுத்திருக்கிறாள். நீல மரத்துக்கே தெரிந்திருக்கிறது. ராஜகீழ்ப்பாக்கத்தில் எனக்குத்தான் தெரியவில்லை.

"ஸாரி அங்கிள், எங்க காலேஜ்ல இத்தனை நாளா தப்பாத்தான் ஆடிட்டு இருக்கோம் போல" என்றான் கார்த்திக்.

"அதுல பரவாயில்லப்பா. தப்பா ஆடலாம். தப்பா கை தூக்கக் கூடாது."

வர்ணனையாளரும் அதற்குள் குரலை இறக்கிக்கொண்டு, விதி அப்படித்தானாம் என்று ஏதோ முனகினார். எங்கள் தொழிலில் முனகல்தான் கிடைக்கும். கத்துவதெல்லாம் தப்புக்கு மட்டும். அதுவும் இல்லாத தப்புக்கு.

எஸ்தர் டீச்சர் திரைக்குப் பக்கத்திலேயே போய் நின்று பார்த்தார். அந்த இடத்தை மறுபடி ஒரு தடவை போடச் சொன்னார். பரிசோதனைக் கூடத்தில் கண்ணாடித் தகட்டைப் பார்ப்பதுபோல, மகளின் கை நகர்வதையே பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"சார், இது எல்லாருக்கும் தெரிஞ்ச ரூலா?"

"தெரியும். ஆனா அந்த நேரத்துல ஞாபகம் வராது. எனக்கே..."

"அது தெரியுது சார். அவளுக்கு யாராவது பக்கத்துலேர்ந்து எடுத்துக் குடுத்தாங்களா?"

"இல்ல டீச்சர். அவ மட்டும்தான் அங்க நின்னா."

"எல்லாரும் தப்புன்னு நினைச்சப்போ அவ விசில் அடிக்கல."

"ஆமா. அடிக்கறது சுலபம் டீச்சர். கை தானா போயிடும். அடிக்காம நிக்கறதுதான்..."

முடிக்க முடியவில்லை. என் கையைப் பற்றி நானே பேசுவது அன்றைக்கு அவ்வளவு சரியாக இல்லை.

டீச்சர் அங்கேயே நின்று போன் போட்டார். வெளியே போகவில்லை. "சார் வணக்கம். மறுபடி ஏஞ்சலின் அம்மா. நீங்க வேற ஆளைப் பாத்துக்கோங்க சார்... இல்ல சார், யோசிச்சுத்தான் சொல்றேன்... சம்பளம் எல்லாம் பிரச்சனை இல்ல சார். அவளுக்கு வேற வேலை இருக்கு." கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பேசுவதைக் கேட்டார். "ஆமா சார், அதே மேட்ச் வேலைதான். நிரந்தரம் எல்லாம் இல்ல. ஆனா நல்லா செய்யறா."

ஹாலில் கிளம்பிய கைதட்டலில் கரஸ்பாண்டன்ட் பயந்திருப்பார். பலராமன் சார் மிச்ச சமோசாவை எல்லோருக்கும் பங்கு போட்டார். என் பங்கை மட்டும் கீழே விழுந்த பாதியைக் காட்டி, "உங்களுது அங்க இருக்கு" என்றார்.

வெகுநேரம் கழித்து ஏஞ்சலின் வீடியோ அழைப்பில் வந்தாள். நாங்கள் யாரும் கலைந்திருக்கவில்லை. தலைமுடி ஈரமாக, களைத்த முகம். அம்மா விஷயத்தைச் சொன்னதும் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அந்தப் பயிற்சியாளர் முன்னால் ஆடாத முகம் அப்போது ஆடியது. சமாளித்துக்கொண்டு, "சார் இருக்காரா? போனை அவர்கிட்ட குடும்மா" என்றாள்.

இங்கே எங்கள் பழைய வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நீங்களும் பழகிக்கொள்வீர்கள். ஆட்டம் முடிந்ததும் சக நடுவரிடம் 'எப்படி' என்று கேட்க மாட்டோம். 'என்ன குறை' என்றுதான் கேட்போம். மூத்தவர் யோசித்து ஒரே ஒரு குறை சொல்வார். ஒரு குறையோடு நிறுத்திவிட்டால் பிரமாதமாகச் செய்திருக்கிறோம் என்று அர்த்தம். இரண்டு சொன்னால் சுமார். பெருமூச்சு விட்டு, ஒன்றுமே இல்லை என்று தோளைத் தட்டினால், சொல்லித் தீராது, வீட்டுக்குப் போ என்று அர்த்தம்.

"சார், என்ன குறை?" என்றாள் ஏஞ்சலின்.

நான் உண்மையாகவே யோசித்தேன். முழு ஆட்டத்தையும் மனதில் ஓட்டிப் பார்த்தேன். நின்ற இடம், ஓடிய கோணம், ஊதிய நேரம். எதுவும் சிக்கவில்லை. சிக்கியிருந்தாலும் அன்றைக்கு அதைச் சொல்லும் வாய் எனக்கு இல்லை.

"ஒண்ணும் இல்லம்மா" என்றேன்.

அவள் முகம் வெளுத்துவிட்டது. "அய்யோ, அவ்ளோ மோசமா சார்?"

எஸ்தர் டீச்சர் என் கையிலிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டார். "அவர விடுடி. குறை சொல்ற உரிமையெல்லாம் சாருக்கு இன்னிக்குக் கிடையாது. என்ன நடந்துச்சுன்னு அப்புறம் சொல்றேன், நீ முதல்ல போய் சாப்பிடு."